பீச்சாங்கை முடிச்சு

எங்கள் அக்கா எனக்கு வெளிநாட்டுக் குதிரைப் பண்ணையில் இடம் பிடித்துக் கொடுத்தாள் என்று சொந்தபந்தம் முழுக்கத் தம்பட்டம் அடித்தது வேறு யாருமில்லை, நான்தான். பெயருக்குத்தான் பெரியம்மா மகள், கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேல் என்று வேறு சேர்த்துக்கொள்வேன். இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

கால்நடைப் பராமரிப்புப் படிப்பில் எனக்குக் கடைசி அரையாண்டு மட்டும் மிச்சம். ஏதாவது ஒரு பண்ணையில் ஆறு மாதம் தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் பண்ணைக்காரர்கள் ஒரு மதிப்பீட்டுத் தாளை நிரப்பித் தருவார்கள். அதில் பதினோரு கேள்விகள். பத்துக்கு என்ன எழுதினாலும் ஒப்பேற்றிவிடலாம். பதினோராவதுதான் எமன்: "இவரைக் குதிரைகளோடு தனியாக விடலாமா?" விடலாம் என்றால் படிப்பு முடிந்தது. கூடாது என்றால் சான்றிதழ் கிடையாது, அப்புறம் எந்த லாயத்துக்காரனும் வாசலை மிதிக்க விடமாட்டான். வந்த முதல் நாளே அந்தத் தாளின் நகல் ஒன்றை என் கட்டிலுக்கு மேல் ஒட்டி வைத்தேன்.

பயம் ஒன்றும் இல்லை. அக்கா மூன்று வருடமாக அங்கே லாயப் பொறுப்பில் இருந்தாள். "முதலாளியம்மா கையெழுத்து மட்டும்தான் போடுவாங்க. எழுதப்போறது நான்தான்டி," என்று ஃபோனிலேயே சொல்லியிருந்தாள்.

எங்களுக்குக் கொடுத்த அறை, சேணங்கள் வைக்கும் அறைக்கு மேலே இருந்தது. இரண்டு இரும்புக் கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் குதிரை லத்திக் குவியல். கீழே தோல் துடைக்கும் சோப்பு வாசனை, பலகை இடுக்கு வழியாக மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அக்காவின் பக்கத்துச் சுவரில் அவள் மகளின் படம், முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்போடு. அக்கா இங்கே வரும்போது பாப்பாவுக்கு நாலு வயது, இப்போது ஏழு. மாமாவும் பாப்பாவும் ஊரில் இருந்தார்கள். நான் கிளம்பும் வரை பாப்பாவுக்குத் தலை பின்னியது, பள்ளிக்கூட வாசலில் காத்து நின்றது எல்லாம் நான்தான். ஒருநாள் அவள் என்னைக் கேட்டாள், "சித்தி, அம்மா நிஜமாவே இருக்காங்களா, இல்ல ஃபோன்ல மட்டும்தானா?" அக்காவிடம் நான் இதைச் சொன்னதே இல்லை.

முதலாளியம்மா அக்காவை அந்த வருடக் கடைசியில் நிரந்தரமாக்கி, பண்ணை வாசலில் பூட்டிக் கிடந்த சின்ன வீட்டைத் தருவதாகச் சொல்லியிருந்தார். வீடு கிடைத்தால் மாமாவும் பாப்பாவும் இங்கேயே வந்துவிடலாம். அக்கா மாலையில் அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்து உள்ளே பார்த்துவிட்டு வருவாள். பாப்பாவின் கட்டில் எந்த மூலையில் என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

குதிரைகள் பதினாலு. கதவுகளில் பித்தளைத் தகட்டில் அவற்றின் பெயர்கள் இருந்தன. அவை எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். யார் போனாலும் காதை மடக்கிப் பல்லைக் காட்டும் கறுப்புப் பெட்டைக்கு மாமியார். தன் தீனியை விட்டுவிட்டுப் பக்கத்துத் தொட்டியில் தலையை விடும் குதிரைக்கு ஓசி. வாளியில் ஒரு துரும்பு மிதந்தாலும் தண்ணீர் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் செம்பழுப்புக் குதிரைக்கு மாப்பிள்ளை. அது குட்டியாக இருக்கும்போதே முதலாளியம்மா பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தாராம். போட்டிகளில் தடை தாண்டுவதும் அதுதான். எனக்கும் அதைத்தான் பிடிக்கும். பிடரியைச் சீவிவிட்டால் தன் தாடையை என் தோளில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். ஒரு மூட்டை தவிடு கனம் இருக்கும் அந்தத் தலை. வலித்தாலும் நகர மாட்டேன்.

காலை ஆறு மணிக்கு லத்தி அள்ளுவதில் தொடங்கும் எங்கள் நாள். தள்ளுவண்டியில் பதினெட்டு நடை. பிறகு தண்ணீர், காய்ந்த புல், குளம்பு சுரண்டல். அதன்பின் ஒவ்வொன்றாக முற்றத்துக்குக் கொண்டுவந்து தூணில் கட்டித் தேய்த்துவிடுவோம். கட்டுவதில்தான் விஷயமே இருக்கிறது. தூணில் ஓர் இரும்பு வளையம், அந்த வளையத்தில் ஒரு சணல் வளையம். கயிற்றைச் சணலில்தான் கட்ட வேண்டும். குதிரை எதற்காவது மிரண்டு பின்னால் இழுத்தால் சணல் அறும், குதிரை தப்பிக்கும். இரும்பு அறாது. "சணலில் கட்டு, இரும்பில் கட்டாதே" என்று ஒவ்வொரு தூணுக்கு மேலேயும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். சின்னக் குழந்தைகூட ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும்.

போடும் முடிச்சும் ஒரே மாதிரி. நுனியைச் சுண்டினால் முழுவதும் அவிழ்ந்துவிடுகிற சுருக்கு. நான் இடது கைக்காரி என்பதால் என் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், நுனி மறுபக்கம் தொங்கும். சின்ன வயதில் இருந்தே அக்கா என்னைப் பீச்சாங்கை என்றுதான் கூப்பிடுவாள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் லாடக்காரர் என் முடிச்சைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு கட்டினா நான் கண்ணாடியில பார்த்துத்தான் அவுக்கணும்," என்று எல்லோரையும் சிரிக்கவைப்பார். முதலாளியம்மாகூட அதற்குச் சிரித்திருக்கிறார். அவர்கள் தங்கள் பாஷையில் சொன்னதை நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

ஐந்தாவது மாதத்தின் கடைசி வாரம் ஒரு புதன்கிழமை. லாடக்காரர் இரண்டு மணிக்கு வருவதாக இருந்தது. முதலாளியம்மா வெளியூர் போயிருந்தார், நாலு மணிக்குத்தான் வருவார். காலை பத்து மணி இருக்கும், நான் கொட்டகையில் புல்லை வலைப்பையில் திணித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் இருந்து ஒரு சத்தம். இரும்பை யாரோ சம்மட்டியால் அடிப்பது போல, திரும்பத் திரும்ப.

ஓடினேன். மாப்பிள்ளை நடுத்தூணில் கட்டப்பட்டிருந்தது. தலையைப் பின்னால் இழுத்து இழுத்து, ஈரத் தரையில் பின்னங்கால்கள் வழுக்கி, கயிற்றில் தொங்குவது போலக் கிடந்தது. முந்தின நாள் மாலை அந்தத் தூணின் சணலை ஓசி அறுத்திருந்தது, யாரும் புதுசு மாட்டவில்லை. கயிறு நேராக இரும்பில் கட்டியிருந்தது. நான் நுனியைச் சுண்டினேன். முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. பாக்கெட்டில் இருந்த கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தேன். மாப்பிள்ளை பக்கவாட்டில் தொப்பென்று விழுந்தது. எழுந்திருக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. எழுந்தபோது தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அது விழுந்தபோதே அக்கா தண்ணீர்த் தொட்டி அருகில் இருந்து ஓடிவந்திருந்தாள், கையில் ஃபோன். ஃபோனில் பாப்பா, "அம்மா? அம்மா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டே நிமிஷம்டி," என்றாள் அக்கா. "பாப்பா லைன்ல வந்தா. ரெண்டே நிமிஷம்தான்."

தார்ப்பாய் ஒன்று காற்றில் படபடக்க, மாப்பிள்ளை மிரண்டிருக்கிறது, அவ்வளவுதான். டாக்டர் வந்து தடவிப் பார்த்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் கழுத்து இனி வலப்பக்கம் திரும்பாது, தாண்டுகிற குதிரை இல்லை இது, நடக்கிற குதிரை என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அழுகை வந்தது. அக்காவுக்கு வரவில்லை, அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். அதை அப்போது நான் அதிர்ச்சி என்று நினைத்தேன்.

டாக்டர் வண்டி வெளியேறியதும் என்னைச் சேண அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"நான்தான் கட்டினேன்னு தெரிஞ்சா இன்னிக்கே பெட்டியக் கட்டச் சொல்லிடுவாங்க. வீடு போச்சு, பாப்பா வர்றது போச்சு."

"அதுக்கு?"

"நீ கட்டினேன்னு சொல்லிடு. நீ பயிற்சிக்கு வந்தவ. பயிற்சிக்கு வந்தவ தப்பு பண்ணா திட்டுவாங்க, அவ்வளவுதான். என்னைத் திட்ட மாட்டாங்க, தூக்கிடுவாங்க."

"அக்கா, என் தாள்?"

"லூசு. தாள எழுதப்போறது யாரு? அந்தப் பதினோராவது கட்டத்துல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியாதா?" என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பாப்பா மேல சத்தியம்டி."

பாப்பாவின் பெயரை அவள் இழுத்திருக்கவே வேண்டாம். ஃபோனில் மட்டும்தானா என்று கேட்ட அந்த முகம் ஏற்கெனவே என் கண்முன் வந்து நின்றுவிட்டது. சரி என்றேன். அவளைவிட எனக்கே அவசரம், அப்படி ஒரு முட்டாள் நான்.

அடுத்து அக்கா சொன்னதுதான் முக்கியம். "முடிச்சு என்னோடது. லாடக்காரர் ஒரு பார்வை பாத்தாருன்னா சொல்லிடுவாரு. மாத்திடணும்."

அறுந்த துண்டு, ஒன்றரை முழக் கயிறு, இன்னும் வளையத்தில் இறுகிக் கிடந்தது. குளம்பு சுரண்டியை முடிச்சுக்குள் விட்டு நெம்பி நெம்பி, இருபது நிமிடம் போராடி அவிழ்த்தோம். நகம் இரண்டு பெயர்ந்தது எனக்கு. பிறகு அதே கயிற்றில், அதே இரும்பில், நான் என் முடிச்சைப் போட்டேன். குதிரை இழுத்தது போல இறுக வேண்டுமே? இருவரும் சேர்ந்து கயிற்றைப் பிடித்து, ஆளுக்கொரு காலைத் தூணில் ஊன்றி இழுத்தோம். ஒருமுறை கை நழுவி இருவரும் மல்லாக்க விழுந்தோம். விழுந்த இடத்தில் அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே மாப்பிள்ளை கழுத்தைத் தூக்க முடியாமல் நின்றுகொண்டிருக்கிறது, வெளியே நாங்கள் சிரிக்கிறோம். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாலு மணிக்கு முதலாளியம்மா வந்தார். முதலில் குதிரையிடம் போனார். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் சாதாரணமாக இருந்தது.

"கட்டியது யார்?"

"நான்," என்றேன்.

"இரும்பிலா?"

"ஆமாம். அவசரத்தில்."

அவர் தூணருகே போய் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். லாடக்காரரைத் திரும்பிப் பார்த்தார். லாடக்காரர் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு, "இந்தப் பொண்ணு முடிச்சுதான்," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"இதை யாரும் அவிழ்க்கக் கூடாது," என்றார் முதலாளியம்மா. "இங்கேயே இருக்கட்டும். வருகிறவர்கள் பார்க்கட்டும்."

அன்றைக்கு நான் பெரிய தியாகி. நெற்றியில் எழுதி ஒட்டாத குறை. அக்கா எனக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள், ஹீட்டர் பக்கத்துக் கட்டிலை எனக்குக் கொடுத்தாள்.

மறுநாளில் இருந்து என்னைக் குதிரைகள் பக்கம் விடவில்லை. லத்தி அள்ளலாம், சேணம் துடைக்கலாம், அவ்வளவுதான். கயிறு பிடிக்கக் கூடாது. முதலாளியம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். ஐந்து வாரம் அந்தத் தூணைத் தினமும் பதினெட்டு நடை தள்ளுவண்டியோடு கடந்தேன். மழையில் நனைந்து, காய்ந்து, என் முடிச்சு அங்கேயே இருந்தது. மாப்பிள்ளை என்னைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பும். நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன், நிற்க அனுமதி இல்லை.

"கட்டத்தப் பத்திக் கவலப்படாத," என்று அக்கா முதல் வாரம் மூன்று முறை சொன்னாள். இரண்டாவது வாரம் ஒரு முறை. அதற்குப் பிறகு சொல்லவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். மாப்பிள்ளையை மாப்பிள்ளை என்று சொல்வதை அவள் விட்டுவிட்டாள். தகட்டில் இருந்த பெயரைச் சொல்லப் பழகிக்கொண்டாள். நாலாவது வாரம் வாசல் வீட்டுச் சாவி அவள் இடுப்பில் தொங்கியது. நான்தான் அந்த வீட்டின் தரையைத் தேய்த்துக் கழுவினேன், பாப்பா வெறுங்காலோடு ஓடுவாளே என்று.

கிளம்புகிற நாள் காலை முதலாளியம்மா என்னைத் தன் வீட்டுச் சமையலறைக்குக் கூப்பிட்டார். நீளமான மேசை, ஒரு மூலையில் ஜன்னல் வெயில். அக்கா கழுவிய கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலாளியம்மா தாளை என் முன் தள்ளினார். அவர் கையெழுத்து போட்டாயிற்று. "படித்துப் பார். ஒத்துக்கொண்டால் கீழே உன் கையெழுத்து," என்றார்.

அக்காவின் குண்டு குண்டு எழுத்து. சின்ன வயதில் என் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுப் பெயர் எழுதிக் கொடுத்த அதே எழுத்து. பத்துக் கேள்விகளுக்கும் நன்றாகவே எழுதியிருந்தாள். பதினோராவதில்: "கூடாது. இரும்பு வளையத்தில் கட்டக் கூடாது என்று பலமுறை சொல்லியும் கேட்கவில்லை."

இரண்டு முறை படித்தேன்.

"அக்கா, என்ன எழுதியிருக்க?"

"சிரிச்ச முகமா பேசு," என்றாள் அக்கா. அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "அவங்க பாக்கறாங்க."

"பலமுறை சொன்னியா? எப்ப சொன்ன?"

"சொல்லித்தரலன்னு இருந்தா அது என் தப்பாயிடும்ல? சொல்லியும் கேக்கலன்னு எழுதினாத்தான் என் மேல வராது. அப்படி எழுதிட்டு, அதுக்குப் பக்கத்துலயே இவளத் தனியா விடலாம்னு எப்படிடி எழுதறது? நீயே சொல்லு."

கணக்கு வாத்தியார் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது மாதிரிப் பொறுமையாகச் சொன்னாள். அதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் கொடுமை.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

கோப்பையைத் துடைத்தாள். துடைத்த கோப்பையையே திரும்பவும் துடைத்தாள்.

"அன்னிக்கு சேண அறையிலயே தெரியுமா? என் கையப் பிடிச்சப்பவே?"

"பாப்பாவுக்கு டிக்கெட் எடுத்தாச்சுடி," என்றாள்.

அதுதான் பதில். முதலாளியம்மா பக்கம் திரும்பி, எனக்குத் தெரிந்த அரைகுறை பாஷையில், "நான் கட்டவில்லை. அக்கா கட்டினாள். நான் பொய் சொன்னேன்," என்றேன்.

அக்கா கோப்பையை மெதுவாக வைத்தாள். முதலாளியம்மாவிடம் அவர் பாஷையில், சரளமாக, வருத்தமான குரலில் சொன்னாள்: "படிப்பு போய்விடுமே என்ற பயம், பாவம். என் தங்கைதான், நான் என்ன செய்வேன்." சொல்லும்போது கண்ணில் தண்ணீர்கூட வந்தது. குதிரை விழுந்த அன்று வராத தண்ணீர்.

முதலாளியம்மா எழுந்தார். வாசலில் இருந்த பூட்ஸை மாட்டிக்கொண்டார், வா என்று தலையை அசைத்தார். மூவரும் முற்றத்தைக் கடந்து நடுத்தூணுக்குப் போனோம். அவர் தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை முழக் கயிற்றைக் கையில் ஏந்தி என்னிடம் காட்டினார்.

"கயிறு பொய் சொல்லாது. சொல், இது யாருடைய முடிச்சு?"

நாங்கள் பிறகு மாற்றிக் கட்டினோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவும் சொன்னேன், திக்கித் திக்கி. சொல்லச் சொல்ல எனக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சி தயாரித்து வைக்க எந்தப் பைத்தியக்காரி இருபது நிமிடம் செலவழிப்பாள்? முதலாளியம்மா கோபப்படவில்லை. பொறுமையாக இன்னொரு முறை கேட்டார்.

"இது யாருடைய முடிச்சு?"

உள்ளே மாப்பிள்ளை என் குரலைக் கேட்டு, முன்னங்காலை எடுத்து வைத்து, பின்னங்காலை எடுத்து வைத்து, உடம்பை முழுசாகத் திருப்பிக்கொண்டிருந்தது.

"என்னுடையது," என்றேன்.

தாளை அந்தத் தூணிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டேன், இடது கையால். அக்கா என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தாள். பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிட்டவளும் அவள்தான். இறங்கும்போது, "பாப்பா வந்ததும் உன்கிட்டப் பேச வெக்கறேன், கோச்சுக்காத பீச்சாங்கை," என்றாள்.

நான் என் இடது கையைப் பார்த்தேன். பெயர்ந்த நகம் பாதிதான் முளைத்திருந்தது. அவளுக்காகப் போட்ட முடிச்சு என்று, அன்றைக்கு நான் எவ்வளவு கவனமாகப் போட்டேன். அவ்வளவு சுத்தமான முடிச்சை அந்த ஆறு மாதத்தில் நான் ஒருமுறைகூடப் போட்டதில்லை.